காங்கேயத்தில் இறங்குங்கள்

கோவையிலிருந்து திருச்சிக்குப் போகும் பேருந்துகள் காங்கேயத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு டீ, ஒரு இளநீர், பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் கடலை. அதற்குள் நடத்துநர் விசில் கொடுத்துவிடுவார். வண்டி வெள்ளகோவிலைப் பார்த்து ஓடத் தொடங்கிவிடும். காங்கேயத்தைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்த்தது இவ்வளவுதான். ஊர்ப் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும், காளையின் பெயராக. அந்தக் காளையைப் பார்ப்பதற்குக்கூட யாரும் இங்கே இறங்குவதில்லை. இறங்கவேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த வழியில் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆட்கள் இறங்கித் தங்கித் தொழில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று இந்தச் சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை 81 என்று பெயர். கோவையில் புறப்பட்டு சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர், திருச்சி என்று சிதம்பரம்வரை போகிறது. பழைய வழி அப்படியே இதே தடத்தில் போகவில்லை. நொய்யல் கரையை ஒட்டிச் சற்று வடக்கே போயிற்று. ஆனால் போக்கு ஒன்றுதான். மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே கரூர். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காகச் சுவர் எழுப்பி நிற்கிறது. அதில் வண்டி மாடு ஏறி இறங்காமல் நேராகக் கடக்கக்கூடிய பெரிய இடைவெளி பாலக்காடு ஒன்றுதான். முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு உள்நாட்டுக்கு வரவும், உள்நாட்டுச் சரக்கு கப்பல் ஏறவும் இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை.

அந்தக் கணவாயின் கிழக்கு வாயிலில், கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரை ஒட்டி அய்யாசாமி மலை இருக்கிறது. அங்கே பாறையில் ஒரு கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் ஆதித்த சோழனுக்கு இராசகேசரி என்பது பட்டப்பெயர். கொங்கு நாடு அவன் கைக்கு வந்தபின், முன்பே நடமாட்டத்தில் இருந்த இந்த வழிக்கு அந்தப் பெயரைச் சூட்டினான்: இராசகேசரிப் பெருவழி. செய்தியை வெண்பாவாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து, வட்டெழுத்து இரண்டும் அதில் உண்டு. கிழக்கிலிருந்து வருகிறவனுக்குத் தமிழ் எழுத்து, மேற்கிலிருந்து மலை கடந்து வருகிறவனுக்கு வட்டெழுத்து என்று எண்ணித்தான் இரண்டையும் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். வழிகாட்டும் பலகை வழிப்போக்கனுக்குப் புரியவேண்டும் என்ற அக்கறை அந்தக் காலத்தில் இருந்ததற்கு வேறு சான்றும் உண்டு. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழி மைல்கல்லில், நாவல் தாவளத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்பதை எழுத்தில் வெட்டியதோடு, படிக்கத் தெரியாதவர் விரலால் தடவி எண்ணிக்கொள்ளும்படி குழிகளாகவும் குடைந்திருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலைத் துறையினர் யாராவது ஒருமுறை போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

பெருவழி என்று பெயர் வைக்கும் முன்பே அது எவ்வளவு பெரிய வழியாக இருந்தது என்பதை இந்த மண்ணே சொல்லிவிட்டது. 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் ஒரே புதையலாகக் கிடைத்தன. பிறகும் அதே ஊரில் கிடைத்தன. கிழக்கே கரூரில் அமராவதி ஆற்று மணலில் இருந்து இன்னொரு குவியல் வந்தது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ரோமின் செல்வம் போய்க்கொண்டிருக்கிறது என்று பிளினி வருத்தப்பட்டு எழுதினாரே, அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு நம் கொங்குச் செம்மண்ணுக்குள் தான் கிடந்தது. மிளகுக்கும் துணிக்கும் மட்டும் அவ்வளவு காசு வரவில்லை. கல்லுக்கும் வந்தது.

கல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால், நாம் மறுபடி காங்கேயத்தில் வந்து நிற்போம்.

காங்கேயம் மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் போன காற்றை மட்டும் கணவாய் வழியாக இங்கே அனுப்பி வைக்கிறது. ஆனி, ஆடியில் பல்லடத்தைத் தாண்டினால் காற்று பேருந்தின் சன்னலைத் தட்டும். சாலைக்கு இருபுறமும் காற்றாலைகள் சுழலும். மழையோ ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். சரளைக் கல் கலந்த செம்மண். நெல் விளையாது. தென்னை தானாக வளராது. இப்படிப்பட்ட ஊர், அரிசி ஆலைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர் வாங்கியிருக்கிறது. இதுதான் காங்கேயத்தில் நான் வியந்து பார்க்கும் முதல் காட்சி. நெல் காவிரிப் பாசனத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருகிறது. தேங்காய் பொள்ளாச்சி, உடுமலையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறது. இந்த ஊர் தன் கையிலிருந்து கொடுப்பது இரண்டே பொருள்: வெயில், உழைப்பு.

சாலையை விட்டு ஊருக்கு வெளியே எந்தக் கிளைப்பாதையில் திரும்பினாலும் தேங்காய்க் களங்கள் வந்துவிடும். சிமெண்ட் பூசிய பெரிய களம். அதன் மேல் உடைத்த தேங்காய் மூடிகள் வானத்தைப் பார்த்தபடி வரிசையாக. காலை வெயிலில் களம் முழுக்க ஒரே வெள்ளை, கண் கூசும். மட்டை உரித்த காய்களை லாரியிலிருந்து இறக்கியதும் உடைக்கிறவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இடது கையில் காய், வலது கையில் கொடுவாள். கொடுவாளின் முதுகால் நடுவில் ஒரு தட்டு. காய் கையிலேயே சுழல, இன்னொரு தட்டு. இரண்டாகப் பிளந்து தண்ணீர் வாய்க்காலில் ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குவியல் தீர்ந்துவிடும். கையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டேதான் உடைக்கிறார்கள். களம் முழுக்கப் புளித்த தேங்காய்த் தண்ணீர் மணம். முதலில் மூக்கைச் சுளிக்க வைக்கும். அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

ஒன்றிரண்டு நாள் காய்ந்தபின் பருப்பு ஓட்டைவிட்டுச் சுருங்கிக் கொடுக்கும். அப்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வளைந்த கம்பியால் நெம்பிப் பருப்பைத் தனியாக, தொட்டி எனப்படும் ஓட்டைத் தனியாகப் பிரிப்பார்கள். பருப்பு மறுபடி களத்துக்குப் போகும். பாதிக்குப் பாதி ஈரமாக வந்த பருப்பு, நூற்றுக்கு ஆறு பங்கு ஈரம் என்ற அளவுக்கு வறண்டால்தான் செக்குக்கு ஆகும், நாள்பட நிற்கும். இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை இவர்களுக்கு. ஒரு துண்டை எடுத்து ஒடிப்பார்கள்; படக்கென்று முறியவேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.

"வெயில் எப்படீங்க இருக்குது இப்ப?" என்று களத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "நல்ல வெயிலுங்க தம்பி. இது மட்டும் போதுங்க எங்களுக்கு" என்றார். ஊரே குடை தேடும் பங்குனி மதியம் அது. மேகம் கறுத்தால்தான் இவர்களுக்குப் பதற்றம். தார்ப்பாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடுவார்கள். கேரளத்தில் இடவப்பாதி மழை தொடங்கியபின் அங்கே தேங்காய் காயவைக்க வழியில்லை. அந்தக் காயும் கணவாய் தாண்டி இங்கேதான் வரவேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து மழையும் இந்தப் பக்கத்து வெயிலும் செய்துகொள்ளும் பண்டமாற்று இது. நடுவே இருப்பது அதே பழைய வழி.

தொட்டியும் வீணாவதில்லை. கரியாகச் சுட்டு, அதிலிருந்து தண்ணீரைச் சுத்திகரிக்கும் செறிவூட்டிய கரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கரி சுடும் இடங்களில் புகையாலும் கிணற்று நீர் கெடுவதாலும் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் படும் அவதி உண்மை. உலகத்துக்குத் தண்ணீர் வடிகட்டும் கரியைச் செய்யும் இடத்தில் குடிக்கும் தண்ணீர் கெடக்கூடாது. அதைச் சரிசெய்யாமல் இந்தத் தொழிலைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காங்கேயத்திலிருந்து திருப்பூர்ச் சாலையில் சிறிது தூரம் போனால் சிவன்மலை. அருணகிரிநாதர் பாடிய தலம். படியேறியும் போகலாம், வண்டியிலும் போகலாம். முருகனைத் தரிசித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் முன்மண்டபத்தில் ஒரு தூணருகே கூடி நிற்பார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். முருகன் யாரோ ஒரு பக்தரின் கனவில் வந்து இன்ன பொருளை வைத்துப் பூசை செய் என்று சொல்வார். அந்தப் பக்தர் எந்த ஊராக இருந்தாலும் கோவிலுக்கு வந்து சொல்லவேண்டும். உடனே வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு. பொருளைப் பெட்டியில் வைத்து, கொண்டுவந்தவர் பெயரையும் ஊரையும் எழுதி வைப்பார்கள். அடுத்த பக்தருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். அது சில நாளாகவும் இருக்கலாம், சில மாதமாகவும் இருக்கலாம்.

தண்ணீர், மண், மஞ்சள், நெல், தங்கம், சைக்கிள், துப்பாக்கி என்று எத்தனையோ பொருள்கள் அந்தப் பெட்டியில் இருந்திருக்கின்றன. தண்ணீர் வைத்தபின் சுனாமி வந்தது, துப்பாக்கி வைத்தபின் போர் வந்தது, மஞ்சள் வைத்தபின் மஞ்சள் விலை ஏறியது என்று மலையடிவாரத்துக் கடைக்காரர்கள் வரிசையாகச் சொல்வார்கள். நான் போன அன்று உள்ளே இருந்ததைச் சொல்லிப் பயனில்லை. இதை நீங்கள் படிக்கும்போது பொருள் மாறியிருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தின் முகங்கள் மாறியிருக்காது. ஈரோட்டு மஞ்சள் வியாபாரி, திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி, கிணற்றில் தண்ணீர் குறைந்த விவசாயி எல்லாரும் அந்தச் சிறு கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். விலையும் மழையும் தங்கள் கையில் இல்லாத மக்களின் கவலையை ஒரு கோவில் இவ்வளவு நேராக ஏற்றுக்கொண்டு, அதற்கென்று தன் மண்டபத்தில் இடம் ஒதுக்கியிருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நம்புகிறவர், நம்பாதவர் இருவரும் போய்ப் பார்க்கவேண்டிய பெட்டி அது. வருகிறவர் எந்த ஊர், எந்தச் சாதி, எவ்வளவு வசதி என்று பார்க்காமல் யார் கனவையும் பூப்போட்டு விசாரிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மலைமேலிருந்து பார்த்தால் சுற்றிலும் வேலி போட்ட சதுரங்கள் தெரியும். அவை வயல்கள் அல்ல, கொரங்காடுகள். இந்த மண்ணில் மனிதர் செய்த வேலைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். மழை குறைந்த மேட்டு நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு, சுற்றிலும் கிளுவை நட்டு உயிர்வேலி அமைத்திருக்கிறார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே குடைபிடித்தாற்போல வெள்வேல் மரங்கள். கிளுவைப் போத்தை மழைக்காலத்தில் நட்டு, அது அடர்ந்து ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத வேலியாக ஆவதற்குப் பல ஆண்டு பொறுக்கவேண்டும். ஆகிவிட்டால் தலைமுறைகளுக்குக் கவலையில்லை. மாட்டைக் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் வேண்டாம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காடு. முதல் காடு அதற்குள் துளிர்த்துக்கொள்ளும். கோடையில் புல் கருகும்போது வெள்வேல் மரம் காய் உதிர்க்கும். மாடு அதைத் தின்று பிழைக்கும். விதை சாணத்தோடு மண்ணில் விழுந்து அடுத்த மரம் முளைக்கும்.

இந்த மேய்ச்சலில் வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறமாகவே பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறிச் சாம்பலாகும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் முன்கால் சப்பையும் கறுக்கும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கருமை குறைந்து வெளுத்துவிடும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டைக் கூப்பிடுவார்கள். பொலிகாளைக்கு இங்கே பூச்சிக்காளை என்று பேர். பசு நிறையக் கறக்காது. ஆனால் வண்டிக்கும் ஏருக்கும் கவலை ஏற்றத்துக்கும் இதற்கு இணை கிடையாது. காய்ந்த தட்டையைத் தின்றுவிட்டு, கரட்டுச் சரளையில் நாள் முழுக்க நடக்கும். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் தொழுவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று குட்டப்பாளையத்தில் இருக்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை அந்த வேலையைத் தொடர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் பழையகோட்டைச் சந்தைக்குப் போங்கள். காங்கேயம் இனத்துக்கென்றே கூடும் சந்தை. விடிந்ததும் வந்துவிடவேண்டும், வெயில் ஏறினால் நல்ல மாடு கைமாறிவிடும். வாங்க வந்தவர் முதலில் மாட்டிடம் பேசமாட்டார், விற்பவரிடமும் பேசமாட்டார். சற்றுத் தள்ளி நின்று நடையைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார்; நெற்றியில், முதுகில், வாலடியில் மயிர் எப்படிச் சுழன்றிருக்கிறது என்று விரலால் தடவுவார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து பல். பால் பல்லா, இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்பதில் வயது தெரிந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மயிலைக் காளை தலையை ஒரே சிலுப்பாகச் சிலுப்பியது. பிடித்திருந்த பெரியவர் கொம்படியைத் தடவி, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றார். சிலுப்பல் அடங்கியது. பழைய சந்தைகளில் துண்டைப் போட்டு அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்; பேரம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இப்போது படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, வெளியூர்க்காரரிடமும் விலை சொல்லிவிடுகிறார்கள்.

இந்த மாடு குறைந்துபோனதற்குக் காரணத்தை வெளியே தேடவேண்டாம். 1932இல் பைக்காரா மின்சாரம் வரத் தொடங்கியது. கோவைப் பட்டறைகள் மோட்டாரும் பம்புசெட்டும் செய்யத் தொடங்கின. கவலைச் சால் இழுத்துக் கிணற்று நீரை மேலேற்றிய எருதுகளுக்கு வேலை போயிற்று. பின்னால் டிராக்டர் வந்து ஏரையும் வாங்கிக்கொண்டது. நாள் முழுக்கச் சால் ஓட்டிய மனிதருக்கும் மாட்டுக்கும் அது விடுதலை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை போன மாட்டுக்கு வேறு வேலை தேடித்தர யாருக்கும் தோன்றவில்லை. 2017 தை மாதம் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள்தான் இந்தப் பெயரை மறுபடி உரக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு காளையின் படம் எல்லா வண்டிக் கண்ணாடியிலும் ஏறியது. கொரங்காட்டின் படம் எதிலும் ஏறவில்லை. புல் இல்லாமல் காளை இல்லை. மனைப்பிரிவுக் கற்கள் நட்ட கொரங்காடுகளை இந்தச் சாலையோரம் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கிளுவை வேலியை ஒரே காலைப்பொழுதில் பொக்லைன் பிடுங்கிவிடும். அது வளர எடுத்துக்கொண்ட காலத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

இனி கல். சிவன்மலையிலிருந்து திருப்பூர் போகும் அதே சாலையில் படியூர் வரும். பார்க்கச் சாதாரண ஊர்தான். ஆனால் ரோமானியர் தேடித்தேடி வாங்கிய பச்சைக்கல், அதாவது பெரில், இந்தப் படியூர் மண்ணிலிருந்து போனது. சிவன்மலைப் பக்கம் நீலக்கல் கிடைத்தது. சென்னிமலையில் இரும்புத் தாது. இவையெல்லாம் போய்ச் சேர்ந்த பட்டறை ஊர், நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான்.

1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றோர் தலைமையில் இங்கே அகழ்ந்தது. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் தொடர்ந்தன. தோண்டிய இடமெல்லாம் மணிகள். வெட்டிய கல், பாதி உருட்டிய மணி, துளை போடும்போது உடைந்துபோன மணி, மெருகேற்றி முடித்த மணி என்று வேலையின் எல்லாப் படியும் மண்ணுக்குள் அப்படியே இருந்தன. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் ஆட்களின் பெயர்கள். வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் ஒன்றில் உண்டு. ஒரு கல்லறையில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளை இறந்தவரோடு வைத்திருந்தார்கள். சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் கிடைத்தது.

சூதுபவளம் இந்தப் பகுதிக் கல் அல்ல. அது குசராத்துப் பக்கத்திலிருந்து வந்தது. வந்த கல்லை இங்கே அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி, மேற்கே கப்பலுக்கோ கிழக்கே ஊர்களுக்கோ அனுப்பியிருக்கிறார்கள். தேங்காய்க் களத்தில் நான் பார்த்ததும் இதைத்தான். விளைச்சல் வேறு ஊருடையது. கைவேலை இந்த ஊருடையது. நடுவில் ஒரு சாலை. கொடுமணலில் தொழில் நின்று பல நூற்றாண்டு ஆகிவிட்டது. காங்கேயத்தில் இன்றும் சந்திரகாந்தக் கல்லும் வேறு கற்களும் தோண்டி எடுத்துப் பட்டை தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொடுமணலுக்குப் போகிறவர்கள் பெரிய அருங்காட்சியகத்தை எதிர்பார்க்கவேண்டாம். விளைநிலங்களுக்கு நடுவே கல்வட்டங்களும் நெடுங்கற்களும் இருக்கின்றன. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். அது பாதுகாப்புக்காகச் செய்வது, சரிதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுத் தொழிற்பேட்டை ஒன்றின் மேல் நிற்கிறோம் என்று அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் வெளியூர்க்காரருக்கும் விளக்கிச் சொல்ல ஒரு நல்ல கூடம் அங்கேயே வேண்டும். கீழடிக்குச் செய்தோம், பொருநைக்குச் செய்தோம். கொடுமணல் கேட்பது அதிகம் இல்லை.

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைவிட்டு நகர முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிவந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. இந்த வழியே அந்த ஆற்றை நம்பித்தான் உருவாயிற்று. கொடுமணலுக்குக் கிட்டவே ஒரத்துப்பாளையம் அணை, 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்தார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் பட்ட நிலமும் கிணறும் தென்னையும் கெட்டன. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்கவேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 சனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு ஆலைகள் மாறவேண்டியிருந்தது. ஆற்றின் காயம் இன்னும் ஆறவில்லை. கொடுமணல் மணிகளைப் பார்க்கிறவர்கள் இந்த அணைக்கரையிலும் சிறிது நேரம் நிற்கவேண்டும். தொழில் செய்யத் தெரிந்த மண்ணின் கதையில் இதுவும் ஓர் அத்தியாயம்.

காங்கேயத்திலிருந்து ஈரோட்டுச் சாலையைப் பிடித்தால் அறச்சலூர். இந்த ஊரை நான் எவ்வளவு சொன்னாலும் தகும். நாகமலையில் இயற்கையாக அமைந்த குகைத்தளம் ஒன்றில் ஒரு கல்வெட்டு; 1960இல் புலவர் செ. இராசு கண்டறிந்து சொன்னது. பிராமியிலிருந்து வட்டெழுத்து பிரிந்து உருவாகத் தொடங்கிய காலத்து எழுத்து. அதில் த, தி, தை போன்ற எழுத்துகளை வரிசைக்கு ஐந்தாக, ஐந்து வரிசையில் கட்டம் கட்டி வெட்டியிருக்கிறார்கள். இடமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் ஒரே ஒலி வரும். ஆடலுக்கான தாளக் கட்டு. தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய இசைக் கல்வெட்டு இதுதான். இதை அமைத்தவன் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன். வண்ணக்கன் என்றால் காசையும் மணியையும் தரம் பார்க்கிறவன். படியூர்க் கல்லும் ரோமானியக் காசும் புழங்கிய வழியோரத்தில், அவற்றை உரசிப் பார்க்கும் தொழில் செய்த ஒருவன், மலையேறிப் போய்க் கல்லில் தாளம் வெட்டியிருக்கிறான். ஊரில் இவனுக்கு ஒரு சிலை இருந்தால் நான் மாலை போடுவேன்.

அறச்சலூருக்குக் கிட்டத்தான் ஓடாநிலை, தீரன் சின்னமலையின் மணிமண்டபம். 1756இல் காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரிக்கு அந்தப் பெயர் வந்த கதையே ஒரு சாலைக் கதை. கொங்கு நாட்டில் தண்டிய வரிப்பணத்தை மைசூருக்குக் கொண்டுபோனவர்களை வழிமறித்துப் பறித்துக்கொண்டாராம். யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை இருக்கிறது, அது பறித்துக்கொண்டது என்று சொல் என்றாராம். இந்தப் பகுதிப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் கதையை இரண்டு மலையையும் கைகாட்டித்தான் சொல்வார்கள். பின்னாளில் கம்பெனிப் படையை எதிர்த்து நின்று, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலேறினார். ஆடிப் பெருக்கன்று ஓடாநிலையில் கூட்டம் நெரியும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை உணவகங்களில் வட இந்தியப் பலகாரங்களைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே தள்ளிப் போனால் சிறு மெஸ்களில் அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், காலையில் சந்தகை கிடைக்கும். அரிசிம்பருப்புக்கு மேலே ஊற்றுகிற நெய் ஊத்துக்குளிப் பக்கத்து வெண்ணெயில் உருக்கியதாக இருந்தால் அதற்குமேல் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டியதில்லை.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்குச் சித்திரை என்பேன். வெயில் கடுமைதான். ஆனால் களங்கள் நிறைந்திருப்பதும் அப்போதுதான். கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் அப்போதுதான். வெள்ளகோவில் போகும் வழியில் ஓலப்பாளையத்தில் இறங்கினால் கண்ணபுரம் பக்கம். மாரியம்மன் தேர்த்திருவிழாவை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை கூடும் சந்தை அது. தேருக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே மாடுகள் வந்து சேரத் தொடங்கும். வெட்டவெளியில் கூடாரம் போட்டு மாட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். திருவிழா நாளை அந்தந்த ஆண்டு கோவிலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கோவை சிங்காநல்லூரிலிருந்து கரூர், திருச்சிப் பேருந்துகள் எல்லாம் காங்கேயம் வழியாகத்தான் போகின்றன. தலைக்கு ஒரு துண்டும் தண்ணீரும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதே நடத்துநரிடம் காங்கேயத்துக்கு மட்டும் சீட்டு வாங்கிவிடுங்கள்.